முதன்முறை ட்ராமா தெரபிக்குப் போகிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

"நடந்த எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணுமா?"

ட்ராமா தெரபிக்கு, அதாவது விபத்து, வன்முறை போன்றவை விட்டுச்சென்ற மனக்காயத்துக்கான சிகிச்சைக்கு, நேரம் கேட்டுப் போன் செய்கிறவர்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. வேண்டாம். முதல் நாள் சொல்ல வேண்டாம், நீங்கள் தயாராகும்வரை சொல்ல வேண்டாம். சில சிகிச்சை முறைகளில் கடைசிவரை முழு விவரத்தையும் வாய்விட்டுச் சொல்லும் தேவையே வராது. இது தெரியாததால்தான் பலர் தெரபியை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு "சொல்லுங்க, என்ன நடந்துச்சு?" என்று கேட்பார் என்ற பயம் அவர்களுக்கு. முறையாகப் பயின்ற ட்ராமா தெரபிஸ்ட் அப்படித் தொடங்குவதில்லை. அவர் எந்த வரிசையில் வேலை செய்வார், ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: தெரபி தேவைதானா என்று பார்ப்பது

கொடுமையான ஒன்றைக் கடந்து வந்த எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக மக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது விபத்து, வன்முறை, பேரிடர் போன்ற ஒன்றைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற நிலைக்கு ஆளாகிறவர்கள் 5.6 சதவீதம். மற்றவர்களுக்கும் தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும், காரணமில்லாமல் அழுகை வரும். ஆனால் சில வாரங்களில், சுற்றி நிற்பவர்களின் ஆதரவோடு, அது மெல்ல அடங்கிவிடும்.

அதனால் முதல் சில வாரங்களில் செய்ய வேண்டியது எளிமையானது. பத்திரமான இடம், சாப்பாடு, தூக்கம், நம்பிக்கையான ஓர் ஆள். பேசத் தோன்றினால் பேசலாம், தோன்றாவிட்டால் பேசாமல் இருக்கலாம். சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து "மனசுல இருக்கறத எல்லாம் கொட்டிடுங்க" என்று ஒரே அமர்வில் சொல்லவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் நேரலாம் என்று தெரிந்த பிறகு அது கைவிடப்பட்டது. முதல் மாதத்தில் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் பென்சோடயசிபின் வகை மாத்திரைகள் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரை. மெடிக்கலில் தெரிந்தவர் மூலம் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் கவனிக்க வேண்டும். நாங்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறோம். நடந்தது கனவாகவோ காட்சியாகவோ வேண்டாமலே திரும்பத் திரும்ப வருகிறதா? அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் சுற்றிப் போகிறீர்களா? "தப்பு என்மேலதான்", "யாரையும் நம்ப முடியாது" என்ற எண்ணம் மனதில் இறுகிவிட்டதா? உடம்பு எப்போதும் உஷார் நிலையிலேயே இருக்கிறதா? இவை உங்கள் வேலையையும் உறவையும் அன்றாட வாழ்க்கையையும் அரிக்கத் தொடங்கியிருந்தால் வாருங்கள்.

நம் ஊர்களில் இது பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வெளியே தெரிகிறது. நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, வயித்தப் பெசையுது என்று டாக்டர் டாக்டராக அலைந்து, ஈ.சி.ஜி., தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அந்த வலி பொய் இல்லை. பரிசோதனைகள் செய்துகொண்டது வீணும் இல்லை. அந்த ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டு வாருங்கள்.

இதில் ஒன்று மட்டும் காத்திருக்காது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தெரபி நேரத்துக்காக நாள் எண்ண வேண்டாம். இந்தியாவில் 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்சை அழையுங்கள்.

படி 2: சரியான ஆளைத் தேடுவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தெரபி தருபவர். இந்தியாவில் அவருக்கு மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. கவுன்சலர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள், சில நாள் வகுப்போடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். காசு இல்லையே என்று தயங்குகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை அமைப்புகள் போர் உச்சத்தில் இருந்த காலத்திலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகின்றன.

பட்டத்தைவிட முக்கியமாக, போனிலேயே கேட்டுவிட வேண்டிய சில கேள்விகள் உண்டு. "ட்ராமாவுக்கு எந்த முறையில பயிற்சி எடுத்திருக்கீங்க?" "பேசும்போது நான் உறைஞ்சு போயிட்டா என்ன செய்வீங்க?" "உங்க வேலையப் பார்த்து வழிநடத்த ஒரு மூத்தவர் இருக்காரா?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். "நிறுத்திடுவோம், உங்களை இந்த அறைக்குத் திருப்பிக் கொண்டு வர்றதுதான் முதல் வேலை" என்ற பொருளில் பதில் வந்தால் அவருக்குத் தொழில் தெரிகிறது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரே அமர்வில் குணப்படுத்துகிறேன் என்பவர், கேட்காமல் தொடுபவர், "மன்னிச்சாதான் விடுதலை" என்று அழுத்துபவர், அமர்வுக்கு வெளியே காபி குடிக்கக் கூப்பிடுபவர், மற்ற கிளையன்ட்களின் கதையை உங்களிடம் சொல்பவர் – இவர்களில் யாரிடமும் இரண்டாவது முறை போக வேண்டாம்.

ஆண் தெரபிஸ்டா பெண் தெரபிஸ்டா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். சாதி, மதம், ஊர் பற்றிய தயக்கமும் நியாயமானதே. சிறிய ஊரில், தெரபிஸ்ட் நம் மாமனுக்குத் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற பயம் உண்மையான பயம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்லைன் அமர்வு நல்ல வழி. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் கேட்காத இடம் ஒன்று வேண்டும். வீட்டில் அது கிடைக்காத சிலர் நிறுத்தி வைத்த காருக்குள் இருந்து பேசுகிறார்கள். அதில் தவறே இல்லை.

படி 3: முதல் அமர்வு

முதலில் இருக்கை. எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, மூடியிருக்கலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும். தன் உடம்பின் மீதே அதிகாரம் பறிக்கப்பட்ட ஒருவர், அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுக்கத் தொடங்குவது அங்கேதான். போதும் என்பதற்கு ஒரு கைச்சைகையையும் பேசி வைத்துக்கொள்வோம். சில நேரம் வாய் வராது, கை வரும்.

அடுத்தது ரகசியம். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அதற்கு எல்லைகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், சொல்ல வேண்டிவரும். பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரபிஸ்டுக்கும்கூட. இதை நீங்கள் எதையும் சொல்வதற்கு முன்பே அவர் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். சொன்ன பிறகு தெரிந்துகொண்டால், இன்னொருமுறை ஏமாற்றப்பட்டதாகவே தோன்றும்.

பிறகு கேள்விகள் வரும். தூக்கம், சாப்பாடு, குடி, மாத்திரை, வீட்டில் யார் யார், நம்பிக்கையான ஆள் யார். நடந்ததைப் பற்றி ஒரு தலைப்பு அளவுக்குச் சொன்னால் போதும்: "ரெண்டு வருஷம் முன்னால பஸ் விபத்து", "சின்ன வயசுல சொந்தக்காரர் ஒருத்தர்". அதற்குமேல் நீங்கள் வேகமாகச் சொல்லத் தொடங்கினாலும் நல்ல தெரபிஸ்ட் கொஞ்சம் நிறுத்துவார். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாளே அணை உடைந்து எல்லாவற்றையும் கொட்டியவர்கள் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் நடுங்கிவிட்டு, மறுபடி வராமலே போவதுண்டு.

ஒரு படிவமும் நிரப்பச் சொல்லலாம். பி.சி.எல்.-5 என்பது பரவலாகப் பயன்படும் ஒன்று. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. இது பாஸ், பெயில் பார்க்கும் பரீட்சை இல்லை. சில வாரம் கழித்து மறுபடி நிரப்பும்போது, மாற்றம் வந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கத்தான் இது.

முதல் அமர்விலேயே தெரிந்தாக வேண்டிய இன்னொன்று: ஆபத்து முடிந்துவிட்டதா, இன்னும் தொடர்கிறதா? அடிக்கிறவர் அதே வீட்டில் இருந்தால், பழைய நினைவை ஆற்றுவதைப் பற்றிப் பேசுவதே பொறுப்பற்ற செயல். உடம்பின் உஷார் நிலை அங்கே நோய் கிடையாது, அதுதான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது வேலை வேறு மாதிரி இருக்கும். பெண்கள் உதவி எண் 181, ஒருங்கிணைந்த சேவை மையம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர், அடையாள அட்டைகளும் கொஞ்சம் பணமும் வைத்த ஒரு பை, இரவு பத்து மணிக்கும் கதவு திறக்கும் ஒரு வீடு என்று திட்டமிடுவோம். இதையும் தெரபியின் பகுதியாகவே நான் கருதுகிறேன்.

படி 4: காலடியில் தரை இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிய வைப்பது

பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொன்ன வரிசை இது: முதலில் நிலைப்படுத்து, பிறகு நினைவைத் தொடு, அதன்பின் வாழ்க்கையோடு மீண்டும் சேர். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் இதே வரிசையை விரிவாக்கினார். கிணற்றில் தூர்வார இறங்குகிறவர் கயிற்றையும், மேலே அதைப் பிடித்திருக்கும் ஆளையும் சரிபார்த்த பிறகுதான் காலை வைப்பார். இந்தக் கட்டம் அதுதான்.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளக்குவோம். இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் பலருடைய குற்ற உணர்ச்சி இங்கேதான் முதல்முறையாக அசைகிறது. ஆபத்து வரும்போது முடிவெடுப்பது யோசிக்கும் மூளை இல்லை. அமிக்டலா என்ற சிறு பகுதி அலாரம் அடிக்க, உடம்பு நொடிக்குள் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் உறைந்துபோகும். கை கால் அசையாது, குரல் எழும்பாது, சிலருக்கு நடப்பதைத் தூரத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். இதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. "ஏன் கத்தல? ஏன் தள்ளிவிடல? ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று போலீஸ் கேட்டது, அம்மா கேட்டது, வக்கீல் கேட்டது போதாதென்று, பாதிக்கப்பட்டவரே தன்னைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். பாலியல் வன்முறையின்போது உடம்பு உறைவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கத்தாதது சம்மதம் ஆகாது. இதைக் கேட்டதும் முகம் மாறி, நீண்ட நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவசரப்படுத்தாமல் நாங்களும் உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது தாங்கும் எல்லை. மனநல மருத்துவர் டேனியல் சீகல் 1999இல் முன்வைத்த கருத்து இது. ஒவ்வொருவருக்கும் உணர்வைத் தாங்கிக்கொண்டே சிந்திக்கவும் முடிகிற ஓர் அளவு இருக்கிறது. அதற்கு மேலே போனால் படபடப்பு, கோபம், நடுக்கம். கீழே போனால் மரத்துப்போதல், வெறுமை, தூக்கம் போன்ற மயக்கம். ட்ராமாவுக்குப் பிறகு இந்த எல்லை குறுகிவிடும். அதை மெல்ல அகலமாக்குவதும், எல்லையைத் தாண்டும்போது உடனே கண்டுகொள்வதும் இந்தக் கட்டத்தின் வேலை.

அதற்குச் சில பயிற்சிகள். கண்ணைத் திறந்தபடி அறையை மெல்லச் சுற்றிப் பார்த்து ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது. தொட முடிகிற நான்கு, கேட்கிற மூன்று, முகர முடிகிற இரண்டு, நாக்கில் உணர்கிற ஒன்று. பாதத்தைத் தரையில் அழுத்தி, தரை திருப்பி அழுத்துவதைக் கவனிப்பது. மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குவது. குளிர்ந்த நீரை முகத்தில் அடிப்பது. இன்றைய தேதி, ஊர், வயதைச் சத்தமாகச் சொல்வது. உங்களுக்கென்று ஏற்கெனவே இருக்கும் வழிகளையும் கேட்போம். கோலம் போடுவது, பூத் தொடுப்பது, ஜெபமாலை உருட்டுவது, மிருதங்கம் தட்டுவது என்று கை ஒரே தாளத்தில் அசையும் வேலைகள் பலருக்கு உதவுகின்றன.

ஓர் எச்சரிக்கை. "கண்ணை மூடித் தியானம் பண்ணுங்க" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. கண்ணை மூடியதும் அந்த அறை, அந்த வாடை, அந்த ஆள் வந்து நிற்கும் சிலருக்கு. அப்படி நேர்ந்தால் உடனே சொல்லுங்கள். யோகா வகுப்பிலும் இதே விதிதான்: கண்ணைத் திறந்து வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தக் கட்டம் எவ்வளவு நாள்? துறைக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கும் இடம் இது. ஒரே ஒரு விபத்து, மற்றபடி வாழ்க்கை உறுதியாக இருக்கிறது என்றால் இரண்டு மூன்று அமர்வுகளே போதும். சிறுவயது முதல் வருடக்கணக்கில் தொடர்ந்த வன்முறை என்றால் அதிக நாள் பிடிக்கலாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகவே வகைப்படுத்துகிறது. ஆனால் தயாரிப்பு என்ற பெயரில் மாதக்கணக்கில் மூச்சுப்பயிற்சியிலேயே நிற்பதையும் நான் ஏற்கவில்லை. சில நேரம் பயப்படுவது கிளையன்ட் இல்லை, தெரபிஸ்ட். பல வாரங்கள் ஆகியும் அடுத்த கட்டம் பற்றிய பேச்சே இல்லை என்றால் "நாம எப்போ அதைத் தொடப் போறோம்?" என்று கேளுங்கள்.

படி 5: நினைவைத் தொடுவது

கேள்வி நியாயமானதுதான்: மறக்க நினைப்பதை எதற்குக் கிளற வேண்டும்? சாதாரண நினைவு "அது அன்றைக்கு நடந்தது" என்ற முத்திரையோடு வரும். ட்ராமா நினைவு அந்த முத்திரை இல்லாமல், துண்டு துண்டாக, இப்போதே நடப்பதுபோல் வரும். டீசல் வாடை வந்தால் போதும், உடம்பு விபத்துக்குள் நிற்கும். தவிர்க்கத் தவிர்க்க, அது கடந்தகாலம் என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மூளைக்குக் கிடைப்பதில்லை. பத்திரமான அறையில், தாங்கும் எல்லைக்குள், கூட ஓர் ஆள் இருக்க, அந்த நினைவுக்குத் தொடக்கம், நடு, முடிவு கொடுப்பதுதான் சிகிச்சை.

முறைகள் பல. எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த வெளிப்பாட்டு முறையில், வாரம் ஓர் அமர்வாக, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகள்வரை போகும். நினைவை நிகழ்காலத்தில் விவரிப்பீர்கள், தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவீர்கள். பஸ் விபத்தில் தப்பிய ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பஸ் ஸ்டாப்பில் போய் வெறுமனே நிற்பது. பிறகு டிப்போவில் நிற்கும் பஸ்ஸில் ஏறி இறங்குவது. தம்பியோடு ஒரு ஸ்டாப் தூரம். பிறகு தனியாக. கடைசியில், விபத்து நடந்த அந்த வளைவு. ஒவ்வொரு படியிலும் பயம் தானாகக் குறையும்வரை அங்கேயே இருப்பது முக்கியம். பாதியில் இறங்கி ஓடினால் உடம்பு "தப்பிச்சதாலதான் பிழைச்சேன்" என்று பழைய பாடத்தையே படிக்கும். அதனால்தான் படிகள் சின்னதாக இருக்க வேண்டும்.

பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய அறிவுசார் செயலாக்க முறை வழக்கமாக 12 அமர்வுகள். இதில் சம்பவத்தைவிட, சம்பவத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவுகள் மேசைக்கு வரும். "நான் அன்னைக்கு அந்த ரோட்டுல போயிருக்கக் கூடாது" என்ற வாக்கியத்தை எழுதி வைத்து, அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது, அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். எழுதப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஈ.எம்.டி.ஆர். முறையை ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் தொடங்கினார். எட்டுக் கட்டங்கள் கொண்டது. நினைவின் ஒரு காட்சியை மனதில் வைத்தபடி தெரபிஸ்டின் விரல் அசைவைக் கண்ணால் தொடர்வீர்கள். இடையிடையே "இப்போ என்ன வருது?" என்று மட்டும் கேட்பார். விவரம் சொல்லத் தேவையில்லை என்பதால், வாயால் சொல்லவே முடியாத விஷயம் உள்ளவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண் அசைவுதான் குணப்படுத்துகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பலன் இருக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. 2013இல் உலக சுகாதார நிறுவனம் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

போர், இடப்பெயர்வு, சிறை என்று அடுக்கடுக்காக அனுபவித்தவர்களுக்கு எனக்குப் பிடித்தது விவரிப்பு வெளிப்பாட்டு முறை. தரையில் ஒரு கயிற்றை நீட்டுவோம். அதுதான் உங்கள் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து இன்றுவரை நல்லவற்றுக்குப் பூ, கொடியவற்றுக்குக் கல் வைப்பீர்கள். முதல் கல்லிலிருந்து ஒவ்வொன்றாக, பூக்களையும் விட்டுவிடாமல் சொல்லிக்கொண்டே வர, தெரபிஸ்ட் அதை எழுதிப் படித்துக்காட்டுவார். கடைசியில் கையில் இருப்பது முழு வாழ்க்கை, அதற்குள் போரும் ஓர் அத்தியாயம். இலங்கையின் வடகிழக்கில், போரோடு 2004 சுனாமியையும் சந்தித்த 31 குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு பாதிக்கு இந்த முறையும் மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் தரப்பட்டன. ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவது குழுவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் குழந்தைகளிடம், நம் ஊர் ஆட்களால் தரப்பட்டபோதும் இது பலிக்கிறது என்ற தைரியத்தை அது எனக்குக் கொடுத்தது.

எந்த முறையானாலும் அமர்வின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் திரும்பி வருவதற்கானது. அழுத கண்ணோடு உங்களைத் தெருவில் விடும் அமர்வு சரியாக நடத்தப்பட்ட அமர்வு இல்லை.

வெளியே போனதும் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். அன்றைக்கு உடம்பு அசந்துபோகும். இரண்டு மூன்று நாள் கனவு கூடலாம், பழைய விவரங்கள் புதிதாக நினைவுக்கு வரலாம். வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம், பெரும்பாலும் அடுத்த அமர்வுக்குள் தணிந்துவிடும். அமர்வு நாளில் பரீட்சையோ கல்யாண வீடோ நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதோ வேண்டாம். பசியோடு வராதீர்கள். திரும்பிப் போக ஓர் ஆள் கூட வந்தால் நல்லது, அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தணியாமல் ஒரு வாரத்துக்கும் மேல் மோசமாகிக்கொண்டே போனால் உடனே தெரிவியுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

மருந்து

செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்ற மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்கு உதவுகின்றன. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்து எடுப்பது தெரபியில் தோற்றதாக ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"அதையே நெனச்சிக்கிட்டு இருக்காத", "உன்னவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனை பேர்", "வெளிய சொன்னா நம்ம மானம் என்னாவறது" – அன்பில் சொல்லப்பட்டாலும் இவை காயத்தை மூடி வைக்கச் சொல்லும் வார்த்தைகள். தெரபியில் என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். "சாப்பிடுறியா?", "நான் இங்கதான் இருக்கேன்" போதும். தூங்கும்போது தட்டி எழுப்ப வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பின்னால் வந்து தோளில் கை வைக்காதீர்கள்.

மந்திரிக்கலாமா, கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாமா, பள்ளிவாசலில் ஓதிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அந்த நபருக்கு அதில் ஆறுதல் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். நான் அதை ஏளனம் செய்ய மாட்டேன். அடிப்பது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆகிய நான்கும் எங்கே நடந்தாலும் சம்மதிக்காதீர்கள்.

உடல் கிடைக்காத இழப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குமரி மாவட்டத்து மீனவர்களின் வீடுகள் இருக்கின்றன. போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். திதி கொடுக்கவும் முடியாது, நம்பிக்கையை விடவும் முடியாது. இத்தகையவர்களிடம் "ஏத்துக்கிட்டு அடுத்ததப் பாருங்க" என்று சொல்லும் உரிமை எந்தத் தெரபிஸ்டுக்கும் கிடையாது. அவன் வருவான் என்பதும், வராமல் போகலாம் என்பதும் ஒரே மனதில் சேர்ந்து இருக்க இடம் கொடுப்போம். தூக்கத்தையும் மற்ற பிள்ளைகளையும் கவனிக்க உதவுவோம். அதே நிலையில் உள்ள மற்றவர்களோடு சேர்ந்து உட்கார வழி செய்வோம். போரின் காயம் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்குகிறது, ஆற்றுவதும் அந்த அளவில் நடக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதிவருகிறார். உண்மையும் நீதியும் கிடைக்காத இடத்தில் தனி அறைச் சிகிச்சை எவ்வளவு தூரம் போகும் என்ற அந்தத் தாய்மார்களின் கேள்விக்கு என்னிடம் எளிய பதில் இல்லை.

படி 6: பலன் இல்லை என்றால்

நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகு நேரடியாகக் கேளுங்கள்: "நாம எங்க இருக்கோம்? எதை நோக்கிப் போறோம்?" அதே படிவத்தை மறுபடி நிரப்புங்கள். பி.சி.எல்.-5இல் 10 புள்ளியாவது குறைந்தால்தான் மாற்றம் உண்மையானது என்று பொதுவாகக் கொள்வோம். தெரபிஸ்ட் சொன்ன ஏதோ ஒன்று குத்தியிருந்தால், போவதை நிறுத்துவதற்கு முன் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். "நீங்க அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சுது" என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அவர் கோபப்படாமல் கேட்டுக்கொள்வதை அனுபவிப்பது, உறவுகளால் காயப்பட்டவருக்கு எந்தப் பயிற்சியையும்விடப் பெரியது. அவர் தற்காத்துக்கொண்டோ உங்களைப் பழித்தோ பேசினால் மாறிவிடுங்கள். மாறும்போது சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், புதிய இடத்தில் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டிய சுமை குறையும்.

படி 7: முடிப்பது

முடிவு திடீரென்று வரக் கூடாது. இரண்டு மூன்று அமர்வுகளுக்கு முன்பே தேதி பேசுவோம், வாரம் ஒன்று என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றாகும், பிறகு மாதத்துக்கு ஒன்றாகும். நினைவு அழிந்துவிடாது. நினைத்தால் வருத்தம் வரும், உடம்பு அதற்குள் இழுத்துச் செல்லப்படாது. விட்டுப்போனவை திரும்பத் தொடங்கியிருக்கும்: பாதியில் நின்ற படிப்பு, பேசாமல் விட்ட தோழி, பஸ் பயணம்.

கடைசி அமர்வில் ஒரு தாள் எழுதிக்கொள்வோம். எந்த நாள்கள் கஷ்டமாக இருக்கும் (சம்பவம் நடந்த தேதி, வழக்கு விசாரணை, உங்கள் மகள் உங்களுக்கு அது நடந்த வயதை அடையும் வருடம்), உடம்பு முதலில் எப்படி எச்சரிக்கும், அப்போது உதவும் மூன்று பயிற்சிகள், கூப்பிட வேண்டிய இரண்டு பேர், உதவி எண்கள். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாள் நெருங்கும்போது, மோசமாகும்வரை காத்திருக்காமல், ஒரே ஓர் அமர்வுக்கு நேரம் கேட்டு முன்கூட்டியே போன் செய்யலாம்.